இசையமைப்பாளரும் ஒலியமைப்பாளரும்

சேர்த்து வைத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘கம்போசிங்’, அச்சகத்தில் எழுத்துக் கோப்பதையும் திரையுலகில் மெட்டமைப்பதையும் குறித்துத் தமிழில் வழங்க, அதற்கு நிகரான ‘இசையமைத்தல்’ என்பதிலுள்ள ‘அமை’யோ பொருந்துதல், அடங்குதல், போதுமாதல் என்னும் பழம்பொருள்களையும் உடன் கொண்டுள்ளது. வீடியோ கேம் இசைக்கு இவையனைத்தும் ஒருசேரப் பொருந்துவது வியப்புக்குரியது: 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ, நின்டெண்டோ விளையாட்டுக் கருவியின் ஐந்தே ஒலித்தடங்களுக்குள் மெட்டையும், மாரியோ தாவும் ஓசையையும், நாணயம் எடுக்கும் கிணுகிணுப்பையும் அடக்க வேண்டியிருந்தமையால், ஓசை எழும் கணத்தில் மெட்டின் ஒரு தடம் ஓய்ந்து அதற்கு வழிவிட்டது. இத்தகைய ஓசைகளைப் படைக்கும் ‘சவுண்ட் டிசைனர்’க்கு ‘ஒலியமைப்பாளர்’ என்பது இயல்பான பெயரே எனினும், திருமணப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டுவோரின் ‘ஒலி ஒளி அமைப்பு’ப் பலகை அச்சொல்லை முன்பே தனதாக்கிக்கொண்டதால், ‘ஒலி வடிவமைப்பாளர்’ என்பதே மயக்கமின்றி ஆளத்தக்கது.