என்ஜின் முதற்கட்டச் சோதனை
இழுவை குறைந்தாலோ ஐடிலில் வண்டி நடுங்கினாலோ, ஸ்கேனரை நம்புமுன் கண்ணாலும் காதாலும் செய்யும் சோதனை. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் ஓபிடி-2 கட்டாயம்; பழுதைக் கண்டால் கோடு (பழுதுக் குறியீடு) பதிந்து ஸ்கேனருக்குக் காட்டும் அமைப்பு அது. பிறகு இந்தக் கண்-காது சோதனை எதற்கு என்று கேட்கலாம். கோடு காட்டுவது பெரும்பாலும் விளைவைத்தான், பழுதான பாகத்தை அல்ல. பி0171 என்ற கோடு வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவே. அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது வீண்செலவாகலாம். காற்றளவு சென்சாருக்குப் பின்னால் ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அளக்கப்படாத காற்று அதன் வழியே நுழையும். சில சமயம் விசில் போல ஒலிக்கும். இந்தக் கசிவு ஐடிலில்தான் அதிகம் படுத்தும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடங்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் நேர்மாறு. ஏர் ஃபில்டர், ஆயில் அளவு பார்ப்பது நிமிட வேலை. பேட்டரி, என்ஜின் ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். மிகவும் இறங்கியிருந்தால் ஸ்கேனர் காட்டும் கோடுகளே பொய்யாகலாம்.