காட்டு வழியும் கதை வழியும்

ஒரு நூலைப் படித்துவிட்டோ, ஒரு படத்தைப் பார்த்துவிட்டோ மூவாயிரம் கிலோமீட்டர் நடக்கக் கிளம்புவார்களா என்று கேட்டால் நம்மில் பலர் சிரிக்கக்கூடும். ஆனால், அமெரிக்காவின் நெடுந்தூர நடைவழிகளின் வரலாற்றைப் புரட்டினால், அப்படிக் கிளம்பியவர்கள் ஒருவர் இருவர் அல்லர் என்பது விளங்கும். அவர்கள் எதை நம்பிப் போனார்கள், போன இடத்தில் எதைக் கண்டார்கள் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளோம்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கிறது. அதன்மீது ஒரு நடைவழி வேண்டும் என்று 1921ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார் பென்டன் மெக்கை என்ற வனத்துறை வல்லுநர். நகரத்தில் உழைத்துக் களைத்தவர்கள் சில நாட்கள் மலைக்காற்றில் இளைப்பாற வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். 1937இல் வழி முழுமை பெற்றது. தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே மேய்ன் வரை 14 மாநிலங்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பாதை வெட்டியவர்களும் இன்றுவரை அதைப் பராமரிப்பவர்களும் பெரும்பாலும் தொண்டூழியர்களே. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் நேயர்களே, ஏனென்றால் பின்னால் வந்த கதைகளில் இவர்களுக்கு அதிக இடம் இல்லை.

இத்தனை தூரத்தையும் ஒருவரே ஒரே பயணத்தில் நடந்து முடிப்பார் என்று அன்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1948இல் ஏர்ல் ஷாஃபர் அதைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையிலிருந்து திரும்பியவர்; நெருங்கிய நண்பரை இயோ ஜீமா தீவில் பறிகொடுத்தவர். போரின் நினைவுகளை நடந்தே தீர்ப்பதற்காகப் போனார். அவர் முடித்துவிட்டு வந்து சொன்னபோது நடைவழிச் சங்கத்தாரே முதலில் நம்பத் தயங்கினார்கள்.

அடுத்த ஆண்டு 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழ் இந்த வழியைப் பற்றிப் படங்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஓரளவு உடல்நலம் உள்ள எவரும் நடக்கலாம், தனிப்பயிற்சி எதுவும் தேவையில்லை என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் ஒஹாயோ மாநிலத்தின் எம்மா கேட்வுட் அம்மையார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கணவரிடம் பல்லாண்டு காலம் அடி உதை பட்டு, பிறகு மணவிலக்குப் பெற்றவர். 1954இல் மேய்ன் முனையிலிருந்து தொடங்கினார். வழி தவறினார், மூக்குக்கண்ணாடி உடைந்தது. வனக் காவலர்கள் வீட்டுக்குத் திரும்பச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாமாக இருந்தால் அதோடு விட்டிருப்போம். அந்த அம்மையார் அடுத்த ஆண்டு, 67 வயதில், தெற்கு முனையிலிருந்து மீண்டும் புறப்பட்டார். காலில் சாதாரண கேன்வாஸ் காலணி, தோளில் தாமே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. பிள்ளைகளிடம்கூட எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. 1955 செப்டம்பரில் மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் நின்றார். தனியாக ஒரே பருவத்தில் முழுத் தூரத்தையும் நடந்த முதல் பெண்மணி அவர்.

இதழில் படித்ததற்கும் காலில் பட்டதற்கும் இருந்த வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. எரிந்த காடுகள், விழுந்து கிடந்த மரங்கள், குறிகள் அழிந்துபோன பாதை, இடிந்த தங்குகுடில்கள் எல்லாவற்றையும் பற்றிச் செய்தியாளர்களிடம் பளிச்சென்று சொன்னார். இவ்வளவு கடினம் என்று தெரிந்திருந்தால் கிளம்பியே இருக்கமாட்டேன் என்றும் சொன்னார். அந்தக் கட்டுரையாளர் பொய் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல படங்களும் இதமான எழுத்தும் சேர்ந்தால் மேடுகூடச் சமவெளியாகத் தெரியும். ஒரு பாட்டி நடந்த செய்தி நாளேடுகளில் பரவிய பிறகுதான் பொதுமக்களின் கவனம் அந்த வழியின் நிலைமைமீது திரும்பியது. ஆக, எழுத்து அவரை ஏமாற்றியது. எழுத்தே வழிக்கு உதவியும் செய்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தவர் பில் பிரைசன். 1998இல் வெளிவந்த அவருடைய 'ஏ வாக் இன் தி உட்ஸ்' நூல் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதில் ஒரு நேர்மை உண்டு. வழியில் பாதியைக்கூடத் தாம் நடக்கவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். இருந்தும் வாசகர் மனத்தில் தங்கியவை கரடி பயமும் நண்பர் காட்ஸின் கூத்துகளும்தான். 2015இல் படமானபோது, 44 வயதில் நடக்கப் போன பிரைசனாக எழுபதைக் கடந்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தார். முதுமையில் செய்யும் கடைசிச் சாகசம் என்று கதையின் பொருளே மாறிப்போனது.

மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை செல்லும் பசிபிக் கிரெஸ்ட் நடைவழியின் கதை இன்னும் பெரியது. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, மணவாழ்வும் முறிந்து, போதைப்பொருளிலும் தடுமாறிய ஷெரில் ஸ்ட்ரெய்ட் 1995இல் அங்கே சுமார் 1,770 கிலோமீட்டர் நடந்தார். மொத்த நீளமோ ஏறக்குறைய 4,270. நூலாக அவர் அதை வெளியிட்டது 2012இல். 2014 இறுதியில் ரீஸ் விதர்ஸ்பூன் நடித்த 'வைல்ட்' திரைக்கு வந்தது. அந்த வழியில் நெடுந்தூரம் நடக்க வழங்கப்பட்ட அனுமதிகள் 2013இல் 1,879, 2019இல் 7,888. முழுவதையும் ஒரு படத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. சமூக ஊடகங்களும் அதே காலத்தில் வளர்ந்தன. ஆனால், மனப்புண்ணை ஆற்றிக்கொள்ளும் இடம் காட்டு வழி என்ற எண்ணத்தைப் பலரிடம் விதைத்தது அந்தக் கதைதான் என்பேன். தூக்கக்கூட முடியாத மூட்டையையும் பிய்ந்துபோன கால் நகங்களையும் அவர் ஒளிக்காமல்தான் எழுதினார். படிப்பவர் அவற்றையும் மருந்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டார். இதில் எழுத்தாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை. கிறிஸ் மெக்கான்ட்லஸ் என்ற 24 வயது இளைஞர் 1992இல் அலாஸ்கா காட்டில் ஒரு பழைய பேருந்துக்குள் பட்டினியால் இறந்தார். திரும்பி வர முயன்றபோது டெக்லனிகா ஆற்றின் வெள்ளம் அவரைத் தடுத்தது. ஜான் கிராக்கவர் 1996இல் 'இன்டு தி வைல்ட்' நூலை எழுதினார். ஷான் பென் 2007இல் அதைப் படமாக்கினார். சாலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே கிடந்த அந்தப் பேருந்தைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் நடந்தார்கள். அவரை மறித்த அதே ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். 2009 முதல் 2017 வரை இது தொடர்பாக 15 மீட்புப் பணிகள் நடந்தன. 2010இலும் 2019இலும் அந்த வழியில் ஆற்றைக் கடக்கையில் வெளிநாட்டுப் பெண்கள் இருவர் மாண்டனர்.

2020 ஜூன் 18ஆம் நாள் இராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பேருந்தைக் காட்டிலிருந்து தூக்கிச் சென்றது. பிறகு அது ஃபேர்பேங்க்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வளவு பேரையும் காட்டுக்குள் அழைத்த படத்தில் நாம் பார்ப்பது அந்தப் பேருந்தே அன்று. படப்பிடிப்புக்காக வேறோர் இடத்தில் அமைத்த மாதிரி வண்டி அது. பின்னர் ஹீலி என்ற சிற்றூரில் ஓர் உணவகத்தின் முன்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள எந்த ஆற்றையும் கடக்க வேண்டியதில்லை.