மழவன் மகளுக்கு வந்த நோய்

கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு வந்த நோய்க்குப் பெரிய புராணம் ‘முயலகன்’ என்று பெயர் சொல்கிறது. எந்த வைத்தியத்துக்கும் அடங்காமல் போகவே, தகப்பன் அந்தக் கன்னிப் பெண்ணைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயில் சந்நிதியில் கொண்டுவந்து கிடத்திவிட்டான். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து நடந்தாள் என்பது வரலாறு. நடராஜரின் காலடியில் கிடக்கிறானே, அந்தக் குள்ளனுக்கும் முயலகன் என்றுதான் பெயர். வடமொழியில் அவன் அபஸ்மாரன். ஆயுர்வேதம் காக்கை வலிப்பை அபஸ்மாரம் என்றே அழைக்கிறது.

கொல்லிமலைக்கு வடகிழக்கே, உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் வழியில் எலவனாசூர்கோட்டை இருக்கிறது. அந்தக் கடைத்தெருவில் இன்று ஒருவன் வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் நடப்பதுதான். நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கையில் சாவிக்கொத்து இருக்கும். இரும்பைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. நிற்கவும் செய்கிறது! பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தாமாகவே நின்றுவிடும். புகழ் சாவிக்குப் போகிறது. செய்ய வேண்டியதோ மிகச் சொற்பம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

விழுந்து துடிப்பது மட்டுமே வலிப்பு அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாத சமாசாரம். வகுப்பில் ஒரு குழந்தை சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல் எழுத ஆரம்பிக்கும். வாத்தியார் கவனக்குறைவு என்று பிரம்பை எடுப்பார். அதுவும் வலிப்பே. ஒரு கை மட்டும் துடிப்பதுண்டு. நினைவு தப்பியவராய்ச் சட்டையைத் தடவிக்கொண்டே நிற்பதும் உண்டு. வகை தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து. கை துடிப்பவருக்கு உதவும் கார்பமாஸெபைன், வெறித்துப் பார்க்கும் குழந்தையின் நோயை அதிகமாக்கிவிடக்கூடும்.

இது மூளையில் பிறக்கும் நோய் என்று கிரேக்க வைத்திய நூல் ஒன்று ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடியது. உருப்படியான மருந்துக்கு 1857-ல் புரோமைடு வரையிலும், அப்புறம் 1912-ல் பினோபார்பிட்டோன் வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி. வலிப்புக்காக மண்டையைத் திறக்கும் சிகிச்சையை 1952-லேயே வேலூரில் செய்துவிட்டார்கள்.

வேலூரின் இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஸ்கேன் படம் வந்த புதிதில், வலிப்புக்காரர்கள் பலரின் மூளையில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. க்ஷயக் கட்டி என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் க்ஷய மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது, மருந்துக்குப் பெயர். (மறுபடியும் சாவிக்கொத்துதான்!) டாக்டர்கள் மாத்யூ சாண்டியும் ராஜசேகரும் புள்ளியை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த கூடு என்று தெரிந்தது. அநேகமாகத் தானே கரைந்துவிடும் கூடு அது. அசுத்தமான தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் அந்த முட்டை வரும். ஆகவே சுத்த சைவருக்கும் விலக்கில்லை.

மழவன் மகளின் கல்யாணம் பற்றிப் புராணம் பேசவில்லை. நம் சட்டம் பேசியது. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியவர்கள், அடிக்கடி வலிப்பு வருகிறவர்களைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்து, அவர்கள் கல்யாணத்தை ரத்து செய்ய வழி வைத்தார்கள். அந்த வார்த்தையை நீக்க 1999 ஆயிற்று. சட்டத்திலிருந்து போயிற்று; சம்பந்தம் பேசும் கூடத்திலிருந்து போகவில்லை. புக்ககம் போன பெண் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளிக்கிறாள். மாமியார் சமையலறையை விட்டு நகராத நாளில் போடாமலே விடுகிறாள். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் அடுக்கடுக்காக வந்து உயிரையே கொண்டுபோகலாம். ஒழுங்காகச் சாப்பிட்டாலோ, பத்துப் பேரில் ஏழு பேருக்கு வலிப்பு அடங்கிவிடுகிறது.