பகைவன் இல்லாத மரணங்கள்

போரில் மடிந்தோர் என்றதும் நம் மனக்கண் முன் எழுவது களத்தில் வீழ்ந்த வீரனின் உருவம். அடுத்து, எதிரியின் குண்டுக்கு இரையான நகரங்கள். இவ்விரண்டிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. தம்மைக் காக்க வந்த விமானங்களே தம் வீட்டுக் கூரைமீது வீழ்ந்ததால் மாண்டவர்கள் அவர்கள். வரலாற்று நூல்கள் அவர்களுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பே.

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயரில், ரிபிள் ஆற்று முகத்துவாரத்தை அடுத்து ஃப்ரெக்கிள்டன் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே வார்ட்டனில் அமெரிக்க விமானப் படையின் மாபெரும் பழுதுபார்ப்புத் தளம் ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது இயங்கியது. பல்லாயிரம் அமெரிக்கர் அங்கே தங்கியிருந்தனர். ஊர்ச் சிறுவர்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர். இனிப்புத் தரும் அண்ணன்மார். பாதுகாப்பைத் தேடி வேறு ஊர்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் ஃப்ரெக்கிள்டனில் இருந்தார்கள். குண்டு விழாத இடம் என்று நம்பித்தான் பெற்றோர் அவர்களை அங்கே அனுப்பியிருந்தனர்.

1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23, புதன்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நேரம். காலை 10.30 மணியளவில், பழுது நீக்கப்பட்ட இரண்டு பி-24 லிபரேட்டர் விமானங்கள் வார்ட்டனிலிருந்து சோதனைக்காக மேலெழுந்தன. சிறிது நேரத்திற்குள் கடும் புயல்மழை நெருங்குவதைக் கண்ட தளம் இரண்டையும் திரும்ப அழைத்தது. ஒன்று வடக்கே விலகிப் புயலைத் தாண்டித் தப்பியது. மற்றொன்று தரையிறங்க முயன்று, முடியாமல், மீண்டும் சுற்றி வர முனைந்தது. இடியும் மழையும் இருளும் ஊரையே மூடியிருந்தன. ஒரு புறமாகச் சரிந்து தாழப் பறந்த அதன் இறக்கை முதலில் ஒரு மரத்திலும் பின்னர்க் கட்டடத்திலும் மோதிப் பிய்ந்தது. மூன்று வீடுகளையும் ஒரு சிற்றுண்டிக் கடையையும் நொறுக்கிய விமானம், சாலையைக் கடந்து, மூவொரு கடவுள் ஆலயப் பள்ளியின் மழலையர் பகுதியில் வீழ்ந்தது. எரிபொருள் தீப்பற்றி ஆறுபோல் ஓடியது. அப்போது மணி 10.47.

மாண்டவர் 61 பேர். அவர்களில் 38 பேர் பள்ளிக் குழந்தைகள்; பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வயதினர். அவர்களின் ஆசிரியைகள் இருவரும் இறந்தனர். மழலையர் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளே உயிருடன் மீட்கப்பட்டனர். சிற்றுண்டிக் கடையில் அமெரிக்கரும் பிரித்தானிய விமானப் படையினரும் ஊராருமாகப் பலர் மடிந்தனர். விமானத்தில் இருந்த மூவரும் பிழைக்கவில்லை. அந்தக் கடைக்கு, எதிலும் தோற்றுப்போகும் ஓர் அப்பாவிச் சிப்பாயைப் பற்றிய அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரின் பெயரை வைத்திருந்தார்கள். அமெரிக்க வீரர்களை மகிழ்விக்க வைத்த பெயர் அது.

விசாரணை நடந்தது. விமானம் முற்றிலும் எரிந்துபோனதால் காரணத்தைத் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. புயலின் வேகத்தில் விமானத்தின் கட்டமைப்பே சிதைந்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆபத்தை விமானி உணர்ந்தபோது காலம் கடந்திருக்கலாம் என்றும் கருதினர். பிரித்தானிய இடிமழை எவ்வளவு கொடியது என்பதை அமெரிக்க விமானிகளுக்கு வலியுறுத்த வேண்டும் என அறிக்கை பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் மழையை வெறும் தூறல் என்று எண்ணியிருந்தார்களாம் பலர்! அறிக்கையில் குறையில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அதில் என்ன இருக்கிறது? சினம்கொள்ள ஒரு பகைவன்கூட அவளுக்கு அகப்படவில்லை. அந்த விமானியும் இறந்துபோனான். அவனும் ஒரு தாயின் மகன்.

ஆகஸ்ட் 26-ஆம் நாள் நல்லடக்கம். அதற்கு முந்தின நாள்தான் பாரிஸ் விடுதலை அடைந்திருந்தது. உலகின் பார்வை முழுவதும் அங்கே. ஃப்ரெக்கிள்டனில் குழந்தைகளின் சவப்பெட்டிகளை அமெரிக்க வீரர்கள் சுமந்து வந்தனர். ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரே பெருங்குழியில் பலரை அடக்கம் செய்தார்கள். பங்குக் குருவாக நானும் சிறு பெட்டிகள் பலவற்றின் முன் நின்றிருக்கிறேன். கனமே இல்லாத அந்தப் பெட்டியைத் தூக்க வரும் பெரியவர்களின் கைகள் நடுங்குவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் இத்தனை பெட்டிகளின் முன் நின்ற அந்த ஆங்கிலிக்கன் குருவை நினைக்கும்போது எனக்குச் சொல் எழவில்லை.

கத்தோலிக்கர் நாம் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு பள்ளி கோபன்ஹேகனில் இருந்தது. 1945 மார்ச் 21. குருத்து ஞாயிறுக்கு நான்கு நாள் முன்பு. டென்மார்க்கின் எதிர்ப்பியக்கத்தினர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, கெஸ்டாப்போவின் தலைமையகத்தைத் தாக்க பிரித்தானிய மொஸ்கிட்டோ விமானங்கள் கூரைகளை உரசுவதுபோல் பறந்து வந்தன. ஒன்று ரயில் நிலையப் பகுதியில் உயர்ந்த விளக்குக் கம்பத்தில் மோதி, அருள்சகோதரிகள் நடத்திய ஜான் தார்க் பள்ளியின் அருகே வீழ்ந்து எரிந்தது. பின்னால் வந்த விமானங்களில் சில அந்தப் புகையையே இலக்கு எனக் கருதிப் பள்ளியின்மீது குண்டு பொழிந்தன. 86 குழந்தைகள் மாண்டனர். அருள்சகோதரிகளும் ஏனைய பெரியவர்களும் உடன் மடிந்தனர். தலைமையகமும் தகர்ந்தது, அதன் மேல்தளத்தில் சிறைப்பட்டிருந்தோரில் 18 பேர் உயிர் தப்பினர். தாக்குதல் வெற்றி என்றே வரலாறு எழுதிற்று. அது பொய்யன்று. ஆயினும், 'வெற்றி' என்ற அச்சொல்லை அந்தப் பள்ளியின் வாசலில் நின்று சொல்ல எவருக்கும் நா எழாது என்றே நினைக்கிறேன். பள்ளி மீண்டும் கட்டப்படவில்லை. அவ்விடத்தில் 1953-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

ஃப்ரெக்கிள்டனிலோ, வார்ட்டன் தளத்து அமெரிக்க வீரர்களே பணம் திரட்டித் தம் கைகளாலேயே ஒரு தோட்டம் அமைத்தனர். 1945 ஆகஸ்டில், விபத்து நடந்து ஓராண்டு நிறையும் வேளையில், அது திறந்துவைக்கப்பட்டது. அது வெறும் கல் நட்ட நினைவிடமன்று. ஊரில் எஞ்சியிருந்த பிள்ளைகள் ஓடியாடுவதற்கென்று ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்த விளையாட்டுத் திடல்.