நோயாளி பக்கம் நின்று வைத்த பெயர்

சர்க்கரை வகைப் பொருள்களுக்குப் பெயர் வைக்கும்போது ‘ஓஸ்’ என்று முடிப்பது வேதியியலார் வழக்கம். குளுக்கோஸ், லாக்டோஸ், ஃபிரக்டோஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். 1928-இல் கேம்பிரிட்ஜில் வேலை செய்துகொண்டிருந்த ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, புதிதாகப் பிரித்தெடுத்த ஒரு வெண்படிகத்துக்கு ‘இக்னோஸ்’ என்று பெயர் சூட்டினார். ‘அறியேன்’ என்ற பொருள் தரும் லத்தீன் முன்பாதி, சர்க்கரைக்குரிய பின்பாதி. தமிழில் சொன்னால் ‘தெரியாதோஸ்’. ஆய்விதழின் ஆசிரியர் ஆர்தர் ஹார்டன் இந்த விளையாட்டை ஏற்கவில்லை. சரி, ‘காட்நோஸ்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் சென்ட்-ஜியார்ஜி. கடவுளுக்கே வெளிச்சம் என்று அர்த்தம். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஹார்டன் சொன்னபடி ‘ஹெக்ஸுரோனிக் அமிலம்’ என்று அச்சாயிற்று. ‘ஹெக்ஸ்’ என்பது அதிலுள்ள ஆறு கார்பன்களைக் குறிக்கும்.

இந்தப் பெயர் ஐந்து வருஷம்கூட நிற்கவில்லை. யுரோனிக் அமிலம் என்றால் அதில் கார்பாக்சில் தொகுதி இருக்க வேண்டும்; இதில் இல்லை. பர்மிங்காமில் நார்மன் ஹாவொர்த் குழுவினர் அதன் கட்டமைப்பைத் துப்புத் துலக்கியபோது இது தெரிந்தது. என்னைக் கேட்டால் மூன்றில் நேர்மையான பெயர் ‘இக்னோஸ்’தான். தெரியாததைத் தெரியாது என்றது அது ஒன்றே.

1933-இல் சென்ட்-ஜியார்ஜியும் ஹாவொர்த்தும் சேர்ந்து வைத்த பெயர்தான் இன்றும் நிற்கிறது: அஸ்கார்பிக் அமிலம். ‘அ’ என்பது எதிர்மறை முன்னொட்டு. நம் ‘அநீதி’, ‘அசுத்தம்’ போன்ற சொற்களில் வரும் வடமொழி ‘அ’வுக்கு இந்தக் கிரேக்க ‘அ’ உறவுக்காரன். மிச்சமிருப்பது ‘ஸ்கார்புட்டஸ்’, அதாவது ஸ்கர்வி நோய்க்கு மருத்துவர்கள் வழங்கிய லத்தீன் பெயர். ‘ஸ்கர்வி போக்கும் அமிலம்’ என்பது மொத்தப் பொருள்.

அந்த ‘ஸ்கார்புட்டஸ்’ அசல் லத்தீன் சொல் அல்ல. வட ஐரோப்பியக் கடலோர மொழிகளிலிருந்து வாங்கி, லத்தீன் வால் ஒட்டிய சொல். டச்சு மொழியில் இந்த நோய் ‘ஸ்கேர்பௌக்’. ‘கிழி’, ‘வயிறு’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை போலத் தோன்றும். ஆனால் ஸ்கர்வியில் வயிறு கிழிவதில்லை. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண் மறுபடி திறக்கும். ஆகவே இது, புரியாத சொல்லைக் காதுக்குப் பழகிய சொல்லாக மக்கள் திருத்திக்கொண்ட கதையாக இருக்கலாம். பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்கிர்ப்யூகர்’ என்ற சொல்லை மூலமாகக் காட்டுவோர் உண்டு. ‘ஸ்கிர்’ என்றால் புளித்த தயிர் போன்ற உணவு. ஐஸ்லாந்தில் இன்றும் அதே பெயரில் விற்கிறது. பின்பாதி வீக்கத்தைக் குறிக்கும். நெடும்பயணத்தில் புளித்த பாலையே தின்று வந்த வீக்கம் என்பது அவர்கள் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி அழகாகப் பொருந்தும் சொற்பிறப்புகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருவது வழக்கம். எனவே இதை ஒரு கருத்து என்ற அளவில் விட்டுவிடுகிறேன்.

எப்படியானாலும் பெயர் மாலுமியின் வாயிலிருந்து வந்தது. பொருள் எங்கிருந்து வந்தது? சென்ட்-ஜியார்ஜி ஸ்கர்வியைத் தேடிப் போனவர் அல்ல. நறுக்கிய உருளைக்கிழங்கு ஏன் கறுக்கிறது, எலுமிச்சை ஏன் கறுப்பதில்லை என்பது அவர் கேள்வி. பெராக்சிடேஸ் என்ற நொதியோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் பென்சிடினையும் சேர்த்தால் கரைசல் உடனே நீலமாகும். சுத்தம் செய்த நொதிக்குப் பதில் பழச்சாற்றையே ஊற்றினால் ஒரு நொடி போல நீலம் தயங்கியது, பிறகுதான் வந்தது. அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டார். சாற்றில் ஏதோ ஒன்று, நிறம் வரவிடாமல் ஆக்சிஜனேற்றத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. அது தீர்ந்த பிறகே நீலம் வருகிறது. அந்த ‘ஏதோ ஒன்று’தான் தெரியாதோஸ். பிற்பாடு ஹங்கேரியின் செகெட் நகரில், அவ்வூர்ப் பாப்ரிகா மிளகாயிலிருந்து அதைக் கிலோ அளவில் எடுத்தார். 1937-இல் அவருக்கும் ஹாவொர்த்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, செடியின் வேலையைப் பார்க்கப் போய்க் கிடைத்த பொருளுக்கு மனிதனின் நோய் பெயராகிவிட்டது. அதே பொருளுக்கு வழங்கும் ‘வைட்டமின் சி’ என்ற பெயரும் இதே ரகம்தான். 1912-இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமைன்’ என்றார். 1920-இல் ஜாக் டிரம்மண்ட் அதன் கடைசி எழுத்தை வெட்டி, ஏ, பி, சி என்று வரிசை கட்டினார். தமிழில் ‘உயிர்ச்சத்து’ ஆயிற்று. உண்பவனுக்குத்தான் அது வைட்டமின். குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்ளும் ஆட்டுக்கோ, நாய்க்கோ அது வைட்டமின் இல்லை. செடிக்கு நிச்சயமாக இல்லை.

செடி இதை எந்த வழியில் தயாரிக்கிறது என்பது 1998 வரை தெளிவாகவில்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ஸ்மிர்னாஃபும் உடன் உழைத்தவர்களும் அந்த ஆண்டில்தான், மேன்னோஸிலிருந்து எல்-கேலக்டோஸ் வழியாகப் போகும் பாதையைக் காட்டினார்கள். அதற்குத் துணை நின்றது ஒரு நோஞ்சான் செடி. அதன் பெயர்க்கதைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் பட்ரிஷியா காங்க்லினும் ராபர்ட் லாஸ்டும் அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் ஓசோன் காற்றைத் தாங்காத திடீர்மாற்ற வகையைத் தேடினார்கள். அகப்பட்ட ஒன்றுக்கு ‘சாஸ்1’ என்று பெயரிட்டார்கள். ‘ஓசோனுக்குக் கூசுவது’ என்பதன் சுருக்கம். சோதித்தால், இயல்பான செடியில் இருக்கும் அஸ்கார்பிக் அமிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதமே அதில் இருந்தது. உடனே பெயர் மாறியது: ‘விடிசி1’. ‘வைட்டமின் சி’யின் சுருக்கம். செடியின் உபாதையைச் சொன்ன பெயர் போய், நம் மருந்துக்கடைப் பெயர் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. கரு வளர்ச்சியை ஆராய்ந்த வேறொரு குழு, விதைக்குள்ளேயே கரு சிதைந்துபோகும் செடி ஒன்றை வைத்திருந்தது. செல் பிரிவின் கடைசிக் கட்டமான சைட்டோகைனசிஸ் சரியாக நடக்காததால் அதன் பெயர் ‘சைட்1’. 2001-இல் பார்த்தால் இரண்டும் ஒரே ஜீன்! 2008-இல் அம்மோனியம் உப்பைத் தாங்காத ஒரு செடியைப் பிடித்து ‘எச்எஸ்என்1’ என்றார்கள். அதுவும் இதே ஜீன்தான். யார் எந்தக் கதவைத் தட்டினார்களோ, அந்தக் கதவின் பெயர்.

இது பெயர்ச் சண்டை மட்டுமில்லை. இந்த ஜீன் தரும் நொதி, மேன்னோஸைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வடிவத்திலிருந்து அஸ்கார்பிக் அமிலமும் பிறக்கிறது; செல்சுவரும், புரதங்களில் ஏறும் சர்க்கரைக் கிளைகளும் அதை நம்பியிருக்கின்றன. எனவே கரு சிதைந்ததற்கு வைட்டமின் சி குறைவைக் காரணம் காட்ட முடியாது. ‘விடிசி’ என்ற பெயரை மட்டும் நம்பியவர் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

அப்படியென்றால் செடி வளர அஸ்கார்பிக் அமிலம் தேவையா, இல்லையா? 2007-இல் ஸ்மிர்னாஃப் குழு இதற்கு விடை சொன்னது. பாதையின் பிந்திய ஒரு கட்டத்தில், வேறு கிளை பிரியாத இடத்தில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஜீன்கள் உண்டு: விடிசி2, விடிசி5. இரண்டையும் ஒன்றாக முடக்கினார்கள். விதை முளைத்தது, வித்திலைகள் விரிந்தன, அதற்கு மேல் ஒரு இலைகூட விடாமல் நாற்று நின்று, வெளுத்தது. அஸ்கார்பிக் அமிலமோ எல்-கேலக்டோஸோ கலந்த ஊடகத்துக்கு மாற்றியதும் மறுபடி வளர்ந்தது. முக்கால் பங்கு குறைந்தாலும் செடி சமாளித்துக்கொள்கிறது; அடியோடு இல்லையென்றால் பிழைப்பதில்லை.

விதைக்கும் முளைக்கும் உள்ள இந்த வித்தியாசம் பட்டாளத்துக்காரர்களுக்கு முன்பே பிடிபட்டிருந்தது. உலர்ந்த பயறில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி அநேகமாக இல்லை. ஊறவைத்து முளைகட்டினால் வந்துவிடுகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டன் லிஸ்டர் நிலையத்தின் ஹாரியட் சிக் இதைச் சோதித்துச் சொன்னார். 1916-இல் மெசப்பொத்தேமியாவின் குட் முற்றுகையில் சிக்கிய இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியில் விழுந்த காலம் அது. முளை அந்த அமிலத்தைச் சிப்பாய்க்காகத் தயாரிக்கவில்லை. சுவாசமும் வளர்ச்சியும் தொடங்கியதும் உண்டாகும் பெராக்சைடைச் சமாளிக்கவும், செல்சுவர்ப் புரதங்களையும் ஜிப்ரலின், எத்திலின் போன்ற ஹார்மோன்களையும் ஆக்கும் நொதிகளுக்குக் கைகொடுக்கவும் அதற்கு அது வேண்டும்.

பெயரை இனி மாற்ற முடியாது; மாற்றவும் வேண்டாம். ஆனால் பாடப்புத்தகம் எழுதுபவர்கள் ‘வைட்டமின் சி: ஸ்கர்வியைத் தடுப்பது’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், செடிக்கு அது என்ன செய்கிறது என்று இன்னொரு வரி சேர்க்கலாம். பழச்சாறு டப்பாவின் பின்புறம் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி 300’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொடியெழுத்து இருக்கும். அந்த 300 அஸ்கார்பிக் அமிலம்தான்.