ரம்புலாவும் சலாஸ்பில்ஸும்

லாட்வியத் தலைநகர் ரிகாவிலிருந்து டவுகாவா ஆற்றை ஒட்டித் தென்கிழக்கே சென்றால் முதலில் ரம்புலா காடு, அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் சலாஸ்பில்ஸ். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தை மாணவர்களுக்கு விளக்க விரும்பும் ஆசிரியர் இரண்டையும் ஒரே பகலில் காட்டிவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சலாஸ்பில்ஸைத் தேர்ந்தெடுக்கவே தோன்றும். பார்த்தவுடன் மனத்தை உலுக்கும் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெருங்கொலை நடந்த இடம் ரம்புலா.

ரிகாவின் யூதர்களை நாஜிகள் 'கெட்டோ' எனப்பட்ட முள்வேலிப் பகுதிக்குள் அடைத்திருந்தார்கள். 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் அவர்களைச் சுமார் 10 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்து, முன்பே வெட்டிவைத்த குழிகளில் சுட்டுத் தள்ளினார்கள். முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் என ஏறத்தாழ 25,000 பேர். நடக்க முடியாமல் பின்தங்கியவர்களை வழியிலேயே கொன்றார்கள். பெர்லினிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட சுமார் 1,000 ஜெர்மன் யூதர்களும் முதல் நாள் காலையில் இங்கேயே மாண்டார்கள். திட்டம் தீட்டியவர் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தளபதி ஃபிரீட்ரிஷ் யெக்கெல்ன். மக்களைக் கெட்டோவிலிருந்து வெளியேற்றவும் காவலோடு ஓட்டிச் செல்லவும் உடன் நின்றவர்களில் லாட்வியக் காவலர்களும் விக்டோர்ஸ் அராய்ஸ் தலைமையிலான லாட்வியத் துணைப்படையினரும் உண்டு. லாட்விய மாணவர்களிடம் சொல்லக் கடினமான பகுதி இது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சலாஸ்பில்ஸ் வேறு வகை. 1941 இலையுதிர் காலத்தில் கட்டத் தொடங்கிய முகாம் அது. ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்களையே கட்டுமான வேலைக்கு விட்டார்கள். பசியிலும் குளிரிலும் அவர்களில் பலர் இறந்தார்கள். பின்னர் அரசியல் கைதிகள், வேலையை விட்டு ஓடியவர்கள், பெலாரஸ் எல்லைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளோடு பிடித்துவரப்பட்ட குடும்பங்கள் எனப் பலரும் அடைக்கப்பட்டார்கள். தொற்றுநோயில் குழந்தைகள் மடிந்தார்கள். முகாமில் இறந்தவர்கள் சுமார் 2,000 பேர் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. சோவியத் பிரசுரங்களோ 1,00,000 வரை சொல்லின.

1967இல் சோவியத் அரசு இங்கே நினைவிடம் திறந்தது. நுழைவாயிலாக நீண்ட கான்கிரீட் சுவர், அதற்கு அப்பால் புல்வெளியில் பிரம்மாண்டமான மனித உருவங்கள், கறுப்புக் கல்லுக்குள்ளிருந்து இதயத் துடிப்பாக ஒலிக்கும் மெட்ரோனோம் எனும் தாளக் கருவி. கலைப்படைப்பாக இது மிக உயர்ந்தது; இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அதே அரசு ரம்புலாவில் எதையும் எழுப்பவில்லை. 1960களின் தொடக்கத்தில் ரிகா யூதர்கள் தாங்களே மண்வெட்டியோடு வந்து புதைகுழிகளைச் சீர்ப்படுத்தினார்கள். 1964இல் அங்கே ஒரு கல் நிற்க அனுமதி கிடைத்தது. அதில் லாட்விய, ரஷ்ய மொழிகளிலும் யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் பொறிக்கப்பட்டது பாசிசத்துக்குப் பலியானவர்கள் என்பது மட்டுமே. யூதர் என்ற சொல் இல்லை. சோவியத் பார்வையில் மாண்டவர்கள் எல்லோரும் சோவியத் குடிமக்கள். யூதர் என்பதற்காகவே ஓர் இனம் அழிக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பார்வையில் இடமில்லை. எதிர்த்து நிற்கும் வீரர்களின் உருவங்கள் சலாஸ்பில்ஸுக்குப் பொருந்தின. உடை களையவைத்துக் குழியோரம் நிறுத்தப்பட்ட கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும் அப்படிச் சிலை வைக்க முடியாது. சுதந்திர லாட்வியாவில், 2002இல்தான், ஏழுகிளை விளக்கும் அதைச் சுற்றிப் பெயர் பொறித்த கற்களும் கொண்ட நினைவிடம் ரம்புலாவுக்கு அமைந்தது.

சலாஸ்பில்ஸின் துயரத்தை நான் குறைத்து எண்ணவில்லை. அங்கே காய்ச்சலில் இறந்த குழந்தைக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. உண்மையில், ஊதிப் பெருக்கிய கணக்கு அந்தக் குழந்தைகளுக்கே தீங்கு செய்தது: கணக்கு பொய் என்று தெரிந்ததும் நடந்த கொடுமையையே சந்தேகிப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது.

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ரம்புலாவில் முதலில் இறங்குங்கள்; கற்களில் உள்ள பெயர்களைப் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கட்டும். பிறகு சலாஸ்பில்ஸ் சுவரின் முன் நின்று, இதைக் கட்டியது யார், எந்த ஆண்டில், யாரை விட்டுவிட்டு என்று அவர்களையே கேளுங்கள்.