நாடம் பருத்தி முதல் நிக்ரோம் கம்பி வரை: திரியின் கதை

விளக்குத் திரிக்கெல்லாம் ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம் :-) கார்த்திகைக்கு வாங்கும் அந்தப் பஞ்சுத் துண்டுக்குப் பின்னால் சோழர் காலத்து ஆடுகள், சீமெண்ணெய் டின்கள், கோவை மில்கள், கன்னியாகுமரி பக்கத்துக் கடற்கரை மணல், கடைசியில் ஒரு பாராளுமன்றச் சட்டம் என்று நிறைய வரிசை கட்டி நிற்கின்றன.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விளக்கில் எரிவது முக்கியமாக எண்ணெய்தான், திரி அல்ல. எண்ணெய் நூலிழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் தானாகவே ஏறி, நுனியில் சூடாகி ஆவியாகி, அந்த ஆவி எரிகிறது. எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்வரை அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவதால் திரி மெதுவாகத்தான் கருகும். எண்ணெய் வரத்து நின்றால்தான் திரியே எரிந்து நாற்றம் அடிக்கும். ஆகவே எந்தத் திரி நல்லது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எந்த எண்ணெய்க்கு என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன. எண்ணெய் மாறியது, பின்னாலேயே திரியும் மாறியது.

பழைய எண்ணெய்கள் எல்லாம் கெட்டியானவை. நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய், புன்னை எண்ணெய், ஆமணக்கெண்ணெய். ஆமணக்குக்கு நம் ஊரில் விளக்கெண்ணெய் என்றே பெயர். நல்லெண்ணெயை விட அது பத்து மடங்குக்கும் மேல் கொழகொழப்பானது. அதனால் மெதுவாக ஏறும், நிதானமாக எரியும். இப்படிப்பட்ட எண்ணெயைத் திரியால் அதிக உயரத்துக்குத் தூக்க முடியாது. அகல் ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் மட்டமும் சுடரும் ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தாக வேண்டும். எண்ணெய் குறையக் குறையத் திரியைத் தள்ளிவிட ஒரு ஆள் வேண்டும், அதற்குத் தூண்டுகோல் என்று ஒரு குச்சி. அந்த ஆளையும் மிச்சப்படுத்த வந்ததுதான் தூண்டாமணி விளக்கு. மேலே குமிழில் எண்ணெய் இருக்கும், கீழே தட்டில் மட்டம் குறைந்தால் தானாகக் கொஞ்சம் இறங்கும். இதே தொல்லைக்குப் பாரிஸில் 1800ல் கார்சல் என்பவர் கடிகார யந்திரத்தில் ஓடும் பம்ப்பையே விளக்குக்குள் வைத்தார். தூண்டாமணி விளக்கோ ஒரு சக்கரம் கூட இல்லாமல் வேலையை முடித்துவிடுகிறது!

கோயில் விளக்குகளில் நெய். சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்கு நாளுக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடானாலும் செத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும், முதல் குறையாத ஃபிக்ஸட் டெபாசிட், வட்டி நெய்யாக வருகிறது :-)

சரி, திரிக்கு வருவோம். பூஜை சாமான் கடைகளில் பஞ்சுத் திரி, தாமரைத்தண்டு நூல் திரி, வாழைத்தண்டு நார்த் திரி, வெள்ளெருக்குப் பட்டைத் திரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் எழுதியிருப்பார்கள். பலன் இருக்கட்டும், பொருளைப் பார்த்தால் எல்லாமே செல்லுலோஸை முக்கியமாகக் கொண்ட தாவர இழைகள். இவற்றில் பருத்தி முன்னால் நின்றதற்குக் காரணம் அது கையாலேயே திரிக்க வரும், எங்கும் கிடைக்கும். இலவம் பஞ்சும் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் வழுவழுப்பான இழை, முறுக்கினால் நிற்காது. தலையணைக்குப் போய்விட்டது.

பருத்தியில் ஒரு நுணுக்கம் உண்டு. செடியில் பறித்த பஞ்சின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். அதனால் பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். எண்ணெயை மட்டும் குடித்துவிடும். காட்டில் பறித்து, கொட்டை எடுத்து, தொடையில் வைத்து உருட்டினால் திரி தயார். காரம் போட்டு வேகவைத்தால்தான் மெழுகு போய்த் தண்ணீரையும் இழுக்கும். விளக்கு வைத்தவர்களுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. (இந்த மெழுகு கடைசியில் மறுபடி வரும், ஞாபகத்தில் வைக்கவும்.)

கோவைச் சீமையில் அன்று விளைந்தது உப்பமும் நாடமும். நாடம் பருத்தி செம்மண்ணில் வானம் பார்த்து வருஷக்கணக்கில் நிற்கும் செடி. இரண்டுமே குட்டை இழை, கொஞ்சம் முரடு. 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1900களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்து கிணற்றுப் பாசனத்தில் பரவியது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில்லுக்கு வேண்டியது நீள இழை, அதற்குத்தான் நல்ல விலை. 1968ல் கோவையிலிருந்து வெளிவந்த எம்.சி.யு.5 ரகத்தின் பெயரிலேயே மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா மூன்றும் இருக்கின்றன. நாடமும் உப்பமும் காட்டை விட்டுப் போயின. விளக்குத் திரிக்கோ மருத்துவப் பஞ்சுக்கோ நீள இழை தேவையே இல்லை, ஆனால் அவர்கள் வாங்கும் அளவை வைத்து எந்த விவசாயியும் விதைக்க மாட்டார். இன்றைக்கு மில்லில் நீள இழையைச் சீவி எடுக்கும்போது கழியும் குட்டை இழை, கோம்பர் வேஸ்ட் என்ற பெயரில் மருத்துவப் பஞ்சு தயாரிக்கப் போகிறது. ஒரு காலத்தில் குட்டை இழையே வெள்ளாமை, இப்போது அது மில் கழிவு!

இதற்கு நடுவே எண்ணெயும் மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டின் டின்னாக வந்து இறங்கியது மண்ணெண்ணெய். கொங்குப் பக்கம் இன்றும் பெரியவர்கள் வாயில் அது சீமெண்ணெய்தான். நல்லெண்ணெயை விடப் பல மடங்கு நீர்த்தது, திரியில் பல அங்குலம் சர்ரென்று ஏறும். ஆகவே எண்ணெய் கீழே, சுடர் மேலே என்று விளக்கின் உருவமே மாறியது. கையால் உருட்டிய பஞ்சு இதற்கு ஆகாது. சீராக நெய்த பட்டைத் திரி, அதை ஏற்றி இறக்கத் திருகு, காற்றுக்குக் கண்ணாடிச் சிம்னி. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் மதுக்கரையில் ஆனி, ஆடிக் காற்று எப்படி வீசும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த அகல் அந்தக் காற்றில் நிற்காது, அரிக்கேன் நிற்கும்.

சிம்னி வாங்க முடியாதவர்களுக்குக் காடா விளக்கு. தகர டப்பா, அதன் குழாயில் திணித்த காடாத் துணி, அவ்வளவுதான். வெளுக்காத முரட்டுத் துணிக்குக் காடா என்று பெயர், சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் நெய்வது அதுதான். இராத்திரி தள்ளுவண்டிக் கடைகளும் தெருக்கூத்தும் இதன் வெளிச்சத்தில்தான் நடந்தன. புகை மட்டும் கண்ணைப் பறிக்கும்.

பெட்ரோமாக்ஸ் கதை வேறு மாதிரி. ஆஸ்திரியாவின் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1885ல் கண்டுபிடித்த மேண்டிலில், நூல் வலையைத் தோரியம் உப்பில் நனைத்துக் கொளுத்திவிடுவார்கள். நூல் எரிந்து போகும், அதன் உருவத்திலேயே நிற்கும் தோரியம் ஆக்ஸைடு சூட்டில் வெள்ளையாக ஒளிரும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் தேடிக்கொண்டு வந்து, 1909ல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதைக் கண்டுபிடித்தார். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போன அந்த வெளிச்சத்தின் ஒரு முனை நம் தெற்குக் கடற்கரையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மின்சாரம் வந்தபின் திரி பூஜை அறைக்குள் போய்விட்டது. இனி திரியைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள் என்ற நிலையில், இளைஞர்கள் மேசையில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்து ஆராய்ந்த ஒரு காலம் வந்தது. சீனாவின் ஹான் லிக் 2003ல் இ-சிகரெட்டைக் கொண்டுவந்தார். பிறகு பரவிய மாடல்களில் ஒரு சின்ன நிக்ரோம் கம்பிச் சுருள், அதற்குள் ஒரு திரி. சுடர் கிடையாது, கம்பிச் சூட்டில் திரவம் ஆவியாகும். திரவம் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. முதலில் கண்ணாடி இழை போன்ற சிலிகா கயிற்றைத் திரியாகப் போட்டார்கள். சூட்டுக்கு அசையாது, ஆனால் மெதுவாகத்தான் இழுக்கும், துகள் நுரையீரலுக்குப் போகுமோ என்ற பயமும் இருந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டிலேயே காயில் சுற்றியவர்கள் 2012, 2013 வாக்கில் பருத்திக்கு மாறினார்கள், பிறகு சிலர் ரேயானுக்கும்.

இங்கேதான் அந்த மெழுகு திரும்பி வருகிறது. இந்தத் திரவம் எண்ணெய் அல்ல, தண்ணீரோடு கலக்கும் ஜாதி. மெழுகு உள்ள பஞ்சு இதைச் சரியாக இழுக்காது. அதனால் பஞ்சை வாங்கி வீட்டில் வேகவைத்துக் காயவைத்தார்கள், அல்லது ஏற்கெனவே மெழுகு நீக்கிய பஞ்சாகப் பார்த்து வாங்கினார்கள். அகலுக்குப் பொருத்தமாக இருந்த அதே குணம் இங்கே குறையாகிவிட்டது. கிளிசரின் வேறு ஏறத்தாழ விளக்கெண்ணெய் அளவுக்குக் கொழகொழப்பு, அது அதிகமானால் திரி வறண்டு கருகும். தூண்டுகோல் வைத்திருந்தவர்கள் சந்தித்த பிரச்சினைதான். ஒரே வித்தியாசம், அகல் திரி கருகினால் புகை கூரைக்குப் போகும், இங்கே நேராக நெஞ்சுக்குள் போகும். கருகும் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் கிளம்பும்.

திரிக்கு நல்லது கெட்டது தெரியாது, கொடுத்ததைத் தூக்கும். 2019ல் அமெரிக்காவில் வேப்பிங் செய்தவர்களுக்கு வந்த நுரையீரல் நோயில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். அங்கே முக்கியக் குற்றவாளி, கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்.

தமிழ்நாடு 2018லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். முதல் தடவை தயாரித்தாலோ விற்றாலோ ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பு என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் இ-சிகரெட்டின் எந்த ஒரு பாகத்தைச் செய்வதும் பூட்டுவதும் அடங்கும். கம்பியைச் சுற்றி நடுவில் பஞ்சைச் செருகுவது உட்பட.